க்ரூ வண்டியில் பேர் வராத பெண்

விமானத்தில் வேலை பார்க்கிற க்ரூ பெண்களை வீட்டு வாசலில் ஏற்றி ஏர்போர்ட் வாசலில் இறக்கிவிடுவது என் தொழில். அவர்கள் பறப்பதை நான் பார்த்ததே இல்லை, பறப்பதற்கு முன்னால் பதறுவதையும் இறங்கி வந்தபின் அழுவதையும்தான் வண்டிக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து எனக்கு ஒரே பயம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேனோ, நல்லவரைக் கெட்டவராகக் காட்டிவிடுவேனோ, நான் தப்பாகச் சொன்ன ஒரு வார்த்தையால் அந்தப் பிள்ளைகள் மேல் இன்னொரு புகார் கிளம்பிவிடுமோ என்று எழுதியதையே அடித்து அடித்து எழுதுகிறேன். அதனால் கம்பெனியின் பேரைச் சொல்ல மாட்டேன். ஆட்களின் பேரையும் மாற்றிவிட்டேன். நீங்களும் ஏதோ ஒரு கவுண்டரிலோ கடையிலோ போன் முனையிலோ நின்று, முகம் தெரியாத ஆளிடம் “சாரி சார்” சொல்லிப் பிழைக்கிறவராக இருந்தால், நான் விட்டதை நீங்களே நிரப்பிப் படித்துக்கொள்வீர்கள்.

மேடு வருதும்மா

என் வீடு அம்பத்தூர்ப் பக்கம் மேனாம்பேட்டில். முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டினேன். விமானக் கம்பெனிக்கு வண்டி விடுகிற கான்ட்ராக்டர், பெண் ஊழியர்களுக்குப் பெண் டிரைவர் வேண்டும் என்று தேடியபோது என்னைச் சேர்த்துக்கொண்டார். அவருக்குக் கீழே எங்களை மேய்ப்பவன் பாஸ்கர் என்கிற சூப்பர்வைசர். என்னைவிட வயதில் சின்னவன். கெட்டவன் இல்லை. மேலே இருந்து வருவதைக் கீழே தள்ளிவிடுகிறவன், அவ்வளவுதான். உங்கள் இடத்திலும் இப்படி ஒருவர் இருப்பார்.

இந்தப் பெண்கள் பாதி அலங்காரத்தை வண்டியில்தான் செய்வார்கள். அதிலும் கொண்டை. ஒரு முடி பிசிறி நின்றாலும் அங்கே கேள்வி கேட்பார்களாம். வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் பின்னந்தலையைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து வண்டி தூக்கிப் போட்டால் ஊசி தொண்டைக்குள் போய்விடும். ஆகவே ஒவ்வொரு வேகத்தடைக்கு முன்னாலும் “மேடு வருதும்மா!” என்று கத்துவேன். நம் ஊர்ச் சாலையில் எத்தனை வேகத்தடை என்று உங்களுக்கே தெரியும். மேனாம்பேட்டிலிருந்து பைபாஸ் ஏறுவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

ஒரு நாள் பாஸ்கர் போன் செய்தான். என் மேல் புகார் என்றான். எனக்கு உயிரே போய்விட்டது. யார் கொடுத்தது, எதற்கு, நான் கத்தியதற்கா, மெதுவாக ஓட்டியதற்கா, வண்டிக்குள் ஊதுவத்தி ஏற்றியதற்கா என்று வரிசையாகக் கேட்டேன். அவன் சொன்னான்: “கௌரிக்கா, நீ இன்னா பண்ணேன்னு எனக்கே தெரியாது. ஆனா அத்த இனிமே பண்ணாத.”

சிரிப்புக்கு ஒரு வகுப்பு

அம்பத்தூரில் ஏறுகிறவள் திவ்யா. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற அண்ணனோடு ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறாள். வாய் ஓயாமல் பேசுவாள். அவள் பேசாமல் வந்தால் எனக்குக் கவலை வந்துவிடும், காய்ச்சலோ என்று.

அப்படிப் பேசாமல் வந்த ஒரு நாள், என்னம்மா என்று கேட்டேன். ஒரு பயணி முன்கூட்டியே சாப்பாடு சொல்லி வைத்திருக்கிறார். கீழே இருந்து அந்தப் பொட்டலம் விமானத்தில் ஏறவே இல்லை. அது இவள் வேலையும் இல்லை. ஆனாலும் அவர் முன்னால் நிற்பவள் இவள்தானே. சொல்லிக் கொடுத்தபடி சிரித்த முகத்தோடு மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். பசித்தவனைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று அவர் எழுதிப் போட்டுவிட்டார். இதை மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை குழந்தைப் பாலுக்கு வெந்நீர் வர நேரமாகிவிட்டது என்று சண்டை பிடித்த ஓர் அம்மாவிடம் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். விமானம் ஆடுகிற நேரத்தில் வெந்நீர் கையில் எடுக்கக் கூடாதாம். அந்த அம்மா, உர்ரென்று முகத்தை வைத்திருந்தாள் என்று எழுதிவிட்டார்.

கம்பெனி அவளைக் கூப்பிட்டு, வாடிக்கையாளரிடம் எப்படி நடந்துகொள்வது என்று மறுபடி படிக்க அனுப்பியது. அன்றைக்குப் பறக்கிற வேலை கிடையாது, அதற்குரிய சம்பளமும் கிடையாது. கண்ணாடி முன்னால் நின்று உதட்டை எந்த அளவுக்கு விரிக்கலாம் என்று பார்த்துவிட்டு வந்தவள், வண்டியில் ஏறி உட்கார்ந்து சொன்னாள்: “சிரிச்சதுக்கு ஒரு புகாரு, சிரிக்காததுக்கு ஒரு புகாரு. ரெண்டுக்கும் ஒரே கிளாஸுதான் வச்சிருக்காவ அக்கா.”

கழுத்து முடிச்சு

பட்டாபிராமில் ஏறுகிறவள் பெனிட்டா. வேலைக்குச் சேர்ந்து இன்னும் வருஷம் முடியவில்லை, வேலை நிரந்தரமாகவில்லை. திவ்யா மாதிரி வாயாடி இல்லை. நான் கேட்டால்தான் பதில் வரும். என்னை ஆன்ட்டி என்பாள்.

இந்தப் பெண்கள் கழுத்தில் ஒரு ஸ்கார்ஃபைச் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பார்கள் இல்லையா, அந்த முடிச்சை வைத்துத் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். கம்பெனி சொல்லிக் கொடுத்தது இல்லை. ஒரு பயணி குரலை உயர்த்துகிறார் என்றால், மாட்டிக்கொண்ட பெண் அந்த முடிச்சை ஒரு தரம் தொட வேண்டும். அதை எந்தப் பெண் பார்த்தாலும் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றுவிட வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான்.

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. சும்மா வந்து நின்று என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன். அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் பச்சை விழும்வரை யோசித்துவிட்டு பெனிட்டா சொன்னாள்: “தனியா நின்னு திட்டு வாங்குனா நம்ம தப்புன்னே தோணும் ஆன்ட்டி. பக்கத்துல ஒருத்தி நின்னா, கத்தறவரு தப்புன்னு தெரியும்.”

முதலில் தெரிந்தவர்

அந்த முடிச்சை அவளே தொட வேண்டிய நாள் வந்தது. கடைசியாக ஏறிய ஒருவர் பெரிய பெட்டியோடு வந்திருக்கிறார். மேலே தூக்கி வை என்றாராம். கனமான பெட்டியை ஒருத்தியாகத் தூக்கக் கூடாது என்றுதான் அவர்களுக்குப் பயிற்சி, முதுகு போய்விடும். “சார், ஒரு பக்கம் நீங்க பிடிங்க, ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்” என்று சொல்லியிருக்கிறாள். இதுதான் அவள் செய்தது. அவருக்குப் பக்கத்தில் அவர் வீட்டம்மா. பின் வரிசையில் யாரோ சிரித்தார்களாம். மனிதருக்குச் சுருக்கென்றுவிட்டது. உனக்கு எதுக்குச் சம்பளம் என்று ஆரம்பித்தார். பெனிட்டா முடிச்சைத் தொட்டாள். அன்று அதே விமானத்தில் இருந்த திவ்யா பின்னாலிருந்து வந்து நின்றாள். கடைசியில் இரண்டு பெண்களும் சேர்ந்து பெட்டியைத் தூக்கி வைத்தார்கள். அவர் போனை எடுத்து பெனிட்டாவின் சட்டையில் குத்தியிருந்த பேரைப் படம் பிடித்துக்கொண்டார்.

இறங்கினதும் படத்தோடு ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி நெட்டில் எழுதிப் போட்டுவிட்டார். உதவ மறுத்தாள், எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினாள் என்று. அடியிலேயே கம்பெனியின் பதில்: மிகவும் வருந்துகிறோம், சம்பந்தப்பட்ட ஊழியர் மீது நடவடிக்கை எடுத்துவிட்டோம், அடுத்த பயணத்துக்குச் சலுகை தருகிறோம்.

என்னம்மா நடந்தது என்று அவளை யாரும் அதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் போனை என் பக்கம் நீட்டிக் காட்டினாள். அழவில்லை. “என் மேல நடவடிக்கை எடுத்தாச்சுன்னு முதல்ல அந்தாளுக்குத்தான் ஆன்ட்டி தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ஊருக்கே தெரிஞ்சுது. அப்புறம்தான் எனக்கு.”

பானட்டில் ஒரு சிலுவை

மறுநாள் யார் யாரை எங்கே ஏற்ற வேண்டும் என்று பாஸ்கர் சாயங்காலம் போனில் அனுப்புவான். அன்றைக்கு வந்ததில் அம்பத்தூர் இருந்தது, சீனியர் மேடம் ஏறுகிற வானகரம் இருந்தது, பட்டாபிராம் இல்லை. எங்கள் தொழிலில் இப்படித்தான் தெரியவரும். வேலையை விட்டு நிறுத்திவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. விசாரணை முடிகிறவரை பறக்க வேண்டாம் என்பார்கள். டிரைவருக்கு வருகிற செய்தியில் பேர் வராது. விசாரணை பாதகமாக முடிந்தால் அந்தப் பேர் திரும்ப வரவே வராது. வேலை நிரந்தரமாகாத பெண் என்றால் கேட்கவே வேண்டாம். வேறு கம்பெனியும் எடுக்காது.

நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பெனிட்டாவின் போன் வந்தது. “ஆன்ட்டி, நீங்க வழக்கம்போல நாளைக்கு வரணும். நான் யூனிஃபார்ம்ல நிப்பேன். அப்பாவுக்குத் தெரியக் கூடாது.” அவள் அப்பா மரியதாஸ் ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். யூனியன்காரர். ஒரு தொழிலாளியை ஏன் என்று கேட்காமல் ஒதுக்கி வைத்தால் கம்பெனி வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிற ஆள். இங்கேயும் கொடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால், விசாரணையே வேண்டாம் என்று இவளை அனுப்பிவிடுவார்கள் என்பது இவள் பயம். இரண்டு நாளில் முடிந்துவிடும் ஆன்ட்டி என்றாள்.

பேர் இல்லாத ஆளை வண்டியில் ஏற்றுவது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குத் தெரியாதா? பாஸ்கர் போனில் எங்கள் வண்டிகள் எறும்பு மாதிரி ஊர்வது வேறு தெரியும். மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சரி என்று வந்துவிட்டது. மறுநாள் போனேன். மரியதாஸ் எப்போதும் செய்வதைச் செய்தார். மகள் ஏறினதும் வண்டி பானட்டில் விரலால் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டு, ஜன்னலுக்கு வந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் சொன்னார்: “பாத்து ஓட்டும்மா. மேல போய்ட்டா பைலட்டு பாத்துப்பாரு. கீழ நீதான் பைலட்டு.”

எங்கள் வீட்டு ஏர்போர்ட்

யூனிஃபார்மில் கிளம்பிய பெண்ணை நான் எங்கே இறக்குவது? மேனாம்பேட்டில் என் வீட்டில் இறக்கிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, அம்பத்தூருக்குப் பறப்பேன். வேலை முடிந்து திரும்பி வந்து அவளைப் பட்டாபிராமில் விடுவேன். இரண்டு நாள் என்றது நீண்டுகொண்டே போனது. வண்டி எடுக்கிற நாளெல்லாம் பாஸ்கர் போன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். அவளோ என் பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு, கொண்டை கலையாமல் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவாள். பீரோ கண்ணாடி முன்னால் நின்று விசாரணையில் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்ப்பாள். சொல்லச் சொல்ல குரல் சின்னதாகிக்கொண்டே போகும். என் வீட்டுப் பாத்திரங்கள் அப்படிப் பளபளத்ததே இல்லை.

இதற்கு நடுவில் மரியதாஸ் என் கையில் ஒரு நாள் முருங்கைக்காய்க் கட்டைக் கொடுத்தார். இன்னொரு நாள் ஒரு கேரியர் நிறைய மீன் வறுவல். ட்ரிப்புக்கு நடுவில் உனக்குச் சமைக்க ஏது நேரம் என்றார். மூன்று பேர் சாப்பிடலாம், அவ்வளவு மீன். தாராளமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். புத்தி அவ்வளவுதான் எனக்கு.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் இருக்கிறார். மத்தியானம் சாப்பிட வருவார். நான் முன்கூட்டிச் சொல்ல மறந்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்தவர் எதிரில், கொண்டையும் நைட்டியுமாக ஒரு பெண் தட்டை வைத்து, பழக்க தோஷத்தில் குனிந்து, “சார், வெஜ்ஜா நான்வெஜ்ஜா?” என்று கேட்டிருக்கிறாள். உடனே எனக்குப் போன். “இன்னாடி, நம்ம ஊட்ல ஏர்போர்ட்டு தொறந்துட்டியா? சோறு துன்றதுக்கு முன்ன பெல்ட்டு போட்டுக்கணுமா?”

இரண்டு பேருக்குச் சோறு

அன்று பக்கத்தில் நின்ற திவ்யாவை விசாரணைக்கு யாரும் கூப்பிடவில்லை. பெனிட்டா தரப்பில் சொல்ல ஆள் உண்டா என்று கம்பெனி கேட்கவும் இல்லை. பெனிட்டாவும் திவ்யாவிடம் கேட்க மாட்டேன் என்றுவிட்டாள். திவ்யாவின் பேரில் ஏற்கெனவே அந்தச் சிரிப்புப் புகார்கள் இருக்கின்றன, இதில் தலையை நுழைத்தால் அவளையும் தூக்கிவிடுவார்கள் என்றாள். அது நிஜம்தான். நானும் கேட்கவில்லை. யார் பெற்ற பிள்ளையையோ நெருப்பில் கையை விடு என்று சொல்ல நான் யார்?

திவ்யாதான் ஒரு நாள் பைபாஸ் ஏறும்போது, பெனிட்டா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். என் வீட்டில் பீன்ஸ் நறுக்குகிறாள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வானகரம் வருகிறவரை அவள் கொண்டையைக்கூட முடிக்காமல் ஊசிகளைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வழக்கமான பயம், காய்ச்சலோ என்று.

அடுத்த ட்ரிப்பில் வண்டிக் கதவைத் திறந்ததும் ஏறாமல் நின்று சொன்னாள்: “பக்கத்துல நின்னு பாத்தேன்னு எழுதிக் குடுத்துட்டேன்க்கா. நாளைக்கு எம் பேரும் வரலன்னா, நீங்க ரெண்டு பேருக்குச் சேத்துச் சோறு வடிக்கணும்.”

டேங்கி

திவ்யாவின் பேர் வந்தது. போனது என் பேர். அது இப்படி.

அன்றைக்கு பட்டாபிராமில் பெனிட்டாவை ஏற்றிக்கொண்டு ஆவடிக்கு வந்தால், சாலையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய டிரெய்லர். மேலே தார்ப்பாய் போர்த்திய உருவம். மூக்கு மட்டும் நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ராணுவ டாங்கி செய்கிற ஊர், ஆவடிக்காரர்களுக்கு இது புதிதில்லை, டேங்கி போகிறது என்று டீயை உறிஞ்சிக்கொண்டு நிற்பார்கள். முன்னும் பின்னும் காவல் வண்டி. முந்தவும் முடியாது, திரும்பவும் முடியாது. நான் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன், பெனிட்டா மாதாவைக் கூப்பிட்டாள். டேங்கி அதன் பாட்டுக்குப் போனது.

வானகரத்தில் ஷீலா மேடம் வெயிலில் நின்றிருந்தார். அவர்தான் இந்தப் பெண்களுக்குச் சீனியர். ஏர்போர்ட்டில் அவரை ஏன் லேட் என்று கேட்டிருக்கிறார்கள். வண்டி லேட் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். உடனே பாஸ்கர் போன். எறும்பு பட்டாபிராம் வரை போனதை முந்தின நாளே பார்த்துவிட்டுக் கேட்டிருந்தான். அப்போது பஞ்சர் ஒட்டப் போனேன் என்று சொல்லி வைத்திருந்தேன். இப்போது நடந்ததை நடந்தபடி சொன்னேன். “யக்கா, நேத்து பஞ்சர்ன. இன்னிக்கு டேங்கின்ற. நாளிக்கு இன்னா, ராக்கெட்டா?”

எனக்கும் வரவில்லை

அன்று சாயங்காலம் எனக்குச் செய்தி வரவில்லை. போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். சார்ஜ் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரரின் போனிலிருந்து எனக்கே அடித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் மணி அடித்தது. அப்போதுதான் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று உடம்பில் உறைத்தது. டிரைவர் மீது நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று கான்ட்ராக்டர் கம்பெனிக்குப் பதில் அனுப்பிவிட்டாராம். வண்டியையும் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என்னால் வர முடியாது என்று பெனிட்டாவிடம் சொன்னேன். மறுநாள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெனிட்டா இறங்கினாள், சாதாரண சுடிதாரில். வண்டி நின்றதால் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். பின்னாலேயே மரியதாஸ், கையில் கேரியரோடு. கொடி எங்கே என்று அவர் பின்னால் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா?

“ஐயா, மறைச்சதுக்கு மன்னிச்சிடுங்க” என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அந்தப் பெட்டிக்காரர் எழுதியதை, அது வந்த அன்றைக்கே மாதா கோயில் குரூப்பில் யாரோ அவருக்கு அனுப்பிவிட்டிருக்கிறார்கள். எல்லாம் தெரிந்துதான் அவர் வாசலில் நின்று சிலுவை போட்டிருக்கிறார். மகள் பகலெல்லாம் என் வீட்டில்தான் இருப்பாள் என்று ஊகித்துத்தான் மூன்று பேருக்கு மீன் வறுத்துக் கொடுத்திருக்கிறார். பெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அத்தனை நாளில் முதல் தடவையாக. ஏன் ஐயா சொல்லவில்லை என்று கேட்டேன். “அவ யூனிஃபார்ம மாட்டிக்கினு கிளம்பறப்போ முதுகு நேரா இருந்துதும்மா. அத்த வளைக்க எனக்கு மனசு வரல.”

இரண்டாவது கடிதம்

விசாரணைக்கு பெனிட்டாவோடு உள்ளே யாரையும் விடவில்லை. மரியதாஸ் கொடி எடுக்கவில்லை. அந்த ஆபீஸ் கட்டடத்துக்கு எதிரில் ஒரு மரத்தடியில் நின்றார். நானும் போய் நின்றேன். எனக்குத்தான் வேலை இல்லையே. உள்ளே கேட்டவர் ஒரு பெண்மணி, மரியாதையாகத்தான் கேட்டாராம். திவ்யா எழுதியதைப் படித்திருக்கிறார். சொல்லிக் கொடுத்தபடிதான் நீ செய்திருக்கிறாய், உன் மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கிறார். வெளியே வந்த பெனிட்டா எங்களைப் பார்த்ததும் பழக்கத்தில் கழுத்தைத் தொட்டாள். அன்று ஸ்கார்ஃப் போடவில்லை, வெறும் கழுத்துதான். நாங்கள் இரண்டு பேரும் போய் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டோம்.

வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுத்திருந்தார்கள். தப்பு இல்லை என்றாலும் பயணியின் மனம் புண்பட்டது உண்மைதானே, இனிமேல் கவனமாக இரு என்று. பறக்காத நாட்களுக்கு ஒன்றும் கிடையாது. நல்லவேளை என்று நான் பெருமூச்சு விட்டேன். எனக்கு அந்த அளவு போதும். மரியதாஸ் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இவ தப்பு பண்ணிட்டான்னு அந்தாளுக்கு எழுதுனாங்களே. பண்ணலன்னு இன்னொரு லெட்டர் போடுவாங்களா?”

வானகரத்து மேடம்

என் கதையை முடித்து வைத்தது ஷீலா மேடம். எனக்குப் பதிலாக வந்த டிரைவரிடம், கௌரி எங்கே என்று கேட்டிருக்கிறார். உங்கள் புகாரில்தான் நிறுத்திவிட்டார்கள் என்று அவர் சொல்ல, மேடம் வண்டியில் இருந்தபடியே கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு, என்னைத் திரும்பச் சேர்க்க வைத்துவிட்டார். பிறகு எனக்கும் பேசினார். லேட்டுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அவர் பேரும் வராது. அதற்குத்தான் எழுதினாராம். எழுதிய காகிதம் எங்கே போய் யார் தலையில் விழுகிறது என்று எழுதினவர்களுக்குத் தெரிவதில்லை.

அந்தப் பெட்டிக்காரருக்கும் இப்படித்தான் தெரியாமல் இருந்திருக்குமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அவரை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. ஷீலா மேடத்தை மட்டும் அன்றே மன்னித்துவிட்டேன், அவர் இதைச் சொன்ன குரலுக்காக: “வண்டி லேட்டுன்னுதான் எழுதினேன் கௌரி. டிரைவரைத் தூக்குங்கன்னா எழுதினேன்?”

ஸ்பீக்கர்

இப்போது பட்டாபிராம் பேரும் வருகிறது, எனக்கும் செய்தி வருகிறது. பேர் இல்லாத யாரையும் ஏற்றுவதில்லை. மரியதாஸ் என்ன மீன் கொடுத்தாலும் சரி. மேடு வந்தால் மட்டும் இன்னும் கத்துகிறேன், அது என் கையில் இல்லை.

ஆனால் ஒன்று செய்தேன். போன மாதம் மதுரவாயல் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது பாஸ்கர் பேர் போனில் ஒளிர்ந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். என்ன நினைத்தேனோ, சட்டைக் காலர் பொத்தானை ஒரு தரம் தொட்டேன். பின்னால் இருந்து திவ்யா பாதிக் கொண்டையோடு இறங்கி வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். பெனிட்டா என் தோளுக்குப் பின்னால் ஒட்டி நின்றாள். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நான் ஸ்பீக்கரைப் போட்டேன். “தம்பி, வண்டி ஓரமா நிக்குது. ஸ்பீக்கர்ல போட்டுக்கீறேன், பொண்ணுங்க எல்லாம் கூட கீறாங்க. இன்னா கம்ப்ளெய்ன்ட்டு, யாரு குடுத்தாங்க, நான் இன்னா பண்ணேன், பொறுமையா சொல்லு.”

லைன் போய்விட்டதோ என்று நான் பயந்துகொண்டிருக்கும்போது பாஸ்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: “ஒண்ணுமில்ல கௌரிக்கா. சாப்ட்டியான்னு கேக்கத்தான் போட்டேன்.”

அன்றிலிருந்து எந்தப் புகாரையும் நான் தனியாக இருந்து கேட்பதில்லை. வானத்தில் நின்றாலும் மதுரவாயலில் நின்றாலும், பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் வர வேண்டிய திட்டில் பாதி வழியிலேயே இறங்கிவிடுகிறது.